தொட்டித் தண்ணீர் நின்ற மூன்று மாதம்

ஆந்திரா தனியாகப் பிரிந்த புதிது. திருப்பதி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று எங்கள் வீட்டு வாசலில் தினமும் சபை கூடும். என் அகத்துக்காரர்தான் தலைமை. எல்லைக்கோட்டைக் காளஹஸ்திக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டு, உள்ளே வந்து காப்பி கேட்பார். சமையல்கட்டுத் தொட்டியிலோ பாத்திரம் அலம்பிய தண்ணீர் முழங்கை ஆழத்துக்கு நிற்கும். அதைக் கேட்க ஒரு நாதி கிடையாது.

அந்தத் தொட்டியால் என் தளிகை போயிற்று. ஐயங்கார் வீடுகளில் சமையலை அப்படித்தான் சொல்வோம். கல்யாணமான இரண்டாம் வருஷம்தான் அது என் கைக்கு வந்தது. ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. ஐப்பசியில் தண்ணீர் மெள்ள இறங்க ஆரம்பித்ததுமே மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"சாதப் பாத்திரத்தை அப்படியே அலம்பிக் கொட்டியிருக்கே. பருக்கை போய் அடைச்சுண்டுடுத்து. இனிமே நீ தளிகை உள்ளுக்கு வர வேண்டாம். கிணத்தடியிலே பத்துப்பாத்திரம் தேச்சாப் போறும்."

நானா? ஒரு பருக்கை விடாமல் வழித்து மாட்டுக்கு வைக்கிறவள் நான். சொல்லிப் பார்த்தேன். "வாயைப் பாரு" என்று பதில் வந்தது. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. நான் உள்ளே காலே வைக்காத மாதங்களிலும் தண்ணீர் நின்றது. அப்படியானால் குற்றம் என்னுடையது இல்லையே என்று கேட்டேன். "முன்னே நீ கொட்டினது உள்ளேயேன்னா இருக்கு!" என்றார். இந்த நியாயத்துக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது? வெந்நீர் ஊற்றியாயிற்று, மூங்கில் குச்சி விட்டுக் குத்தியாயிற்று. ஒரு சொட்டு நகரவில்லை. வாசல் சபையில் மட்டும் ஜில்லாக்கள் அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டிருந்தன.

தை மாதம், பக்கத்து வீட்டுக் கிணற்றுச் சுவர் கட்ட வந்த மேஸ்திரியை நானே கூப்பிட்டேன். புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஆசாரம் என்று மாமியார் அவரை உள்ளே விடவில்லை. கொல்லையில் நின்று தலையைச் சொறிந்தார்.

"இன்னாம்மா இது, சொவத்துக்கு இந்தாண்ட நின்னுக்கினு அந்தாண்ட அடைப்பை எப்டிம்மா எடுக்கறது?"

"குழாயை உடையுங்கோ. நான் பாத்துக்கறேன்" என்றேன். என் வயிற்றெரிச்சல் எனக்கு.

சுவரைவிட்டு வெளியே வந்த இடத்தில் மண் குழாயை உடைத்தார். உள்ளே வெள்ளையாகப் பாறைபோல் இறுகிக் கிடந்தது. ஒரு கட்டியைப் பெயர்த்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சோறும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாமக்கட்டிம்மா! கொழா பூரா ரொம்பிக்கினு கீது."

நெற்றிக்கு இட்டுக்கொள்ளும் திருமண்! எங்கள் தெரு ஆண்களுக்கெல்லாம் திருமண் கட்டி செய்து கொடுப்பது என் அகத்துக்காரர்தான். வெள்ளை மண்ணைக் கரைத்து, மேலே பால்போல் நிற்பதைக் கட்டிக்கு இறுத்துக்கொண்டு, அடியில் தங்கும் வண்டலைக் கால் படாத இடமாகத் துளசிச் செடிக்கு அப்பால் கொட்ட வேண்டும். பத்தடி நடக்க வேண்டுமே! நான் மாதத்தில் மூன்று நாள் விலகி உட்காரும்போது, தன் அம்மா கோயிலுக்குப் போன சமயம் பார்த்து, மகானுபாவர் தொட்டியிலேயே சாய்த்திருக்கிறார்.

மாமியார் ஓடிவந்து, "ஐயையோ, மிதிச்சுடாதீங்கோ!" என்று உடைந்த திருமண்ணில் ஒரு கட்டியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பருக்கை என்று நினைத்தவரைக்கும் அது என் பாவம். பிள்ளை கொட்டினது என்றதும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வஸ்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சத்தம் கேட்டு வாசலிலிருந்து வந்த இவர், குழாயைப் பார்த்துவிட்டு அசடு வழிந்தார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான்" என்றார்.

"எப்பவே?"

"ஐப்பசியிலே."

"மூணு மாசமா வாயிலே என்ன கொழுக்கட்டையா? நான் கிணத்தடியிலே பாத்திரம் தேச்சதைத் தினம் பாத்துண்டுதானே இருந்தேள்?"

"அம்மா சத்தம் போடுவாளேன்னு..."

அம்மா சத்தம் போடவில்லை. பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாளைலேருந்து தளிகையை நீயே பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை, அவர் வாயிலிருந்தும் வரவில்லை, இவர் வாயிலிருந்தும் வரவில்லை.

மறுநாள் குளித்து மடியாக உள்ளே போனேன். குழம்பு, சாத்தமுது, கறியமுது எதிலும் ஒரு கல் உப்புப் போடவில்லை. கும்பகோணத்துப் பக்கம் ஒப்பிலியப்பன் உப்பில்லாமலே அமுது செய்கிறார், நீரும் இன்றைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும் என்று பெருமாளிடம் மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதலில் பிள்ளை உட்கார்ந்தார், பிறகு அம்மா உட்கார்ந்தார். இரண்டு பேரும் இலையிலிருந்து தலை நிமிராமல் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார்கள். ஒருவர்கூட உப்புக் கேட்கவில்லை.