பதினோரு வண்டிகளும் அப்பாவின் வலது கையும்

எங்கள் அப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் கடைசிவரை மடங்காமலே இருந்தன. குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது அந்தக் கையைப் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். இன்ஜின் விழுந்து நசுங்கியது என்றார் ஒருவர். போலீஸ் அடித்தது என்றார் இன்னொருவர். பக்கவாதம் என்றுகூட ஒரு பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், மூத்த மகளான நான் அந்தக் கையின் கதையை உள்ளபடி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"அக்கா, நினைவு மலர்ல நல்லதை மட்டும் எழுதுங்க" என்றான் தம்பி.

"இதுவும் நல்லதுதான் கண்ணு" என்றேன்.

இந்தக் கதையில் வரும் காரின் பெயரை மட்டும் அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அதற்குச் சம்மதித்தேன். உறவினர்களுக்குப் பெயர் தெரியும். தெரியாதவர்களுக்கு அது ஒரு நல்ல பெயரெடுத்த கம்பெனி என்று தெரிந்தால் போதும்.

அப்பா சூலூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், பிறர் தோட்டத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். மீசை அரும்பும் வயதில் கோயமுத்தூருக்கு வந்து காந்திபுரத்துக்குப் பின்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். இருபத்தெட்டு வயதில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டார். அந்த ஒரு கம்பெனியின் வண்டியைத் தவிர வேறு எதையும் உள்ளே விடமாட்டார்.

அந்தக் கம்பெனியின் வரலாற்றை எங்களுக்குக் கதை மாதிரி சொல்வார். சுதந்திரத்துக்கு முன்பு வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை முடுக்கி வண்டி ஆக்கிய கம்பெனி அது. பிறகு எல்லாவற்றையும் தானே செய்யத் தொடங்கியது. அகன்ற பானெட், உருண்டை விளக்கு, இரும்பு பீரோ மாதிரி சாத்துகிற கதவு என்று முப்பது வருடம் ஒரே உருவம். மில் முதலாளிகளின் போர்ட்டிகோவிலும் ஆர்.எஸ்.புரத்து டாக்டர்களின் வாசலிலும் அந்த வண்டிதான் நிற்கும். முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். "நம்ம கம்பெனி" என்றுதான் அப்பா சொல்வார். அப்பா என்றொருவர் இருப்பதே அந்தக் கம்பெனிக்குத் தெரியாது.

அப்பாவுக்குக் கைராசி உண்டு என்று ஊரில் ஒரு நம்பிக்கை. டாக்டர் ஒருவரின் புது வண்டியை முதன்முதலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஓட்டிக் கொடுத்தாராம். அந்த வண்டி இருபது வருடம் நடுவழியில் நின்றதே இல்லையாம். அன்றிலிருந்து யார் புது வண்டி எடுத்தாலும் அப்பாவைத் தேடி வந்துவிடுவார்கள். உள்ளே அழைக்காமல் தோட்டத்து வாசலிலேயே அப்பாவை நிறுத்தி வைத்துப் பேசுகிறவர்கள்கூட, புது ஸ்டியரிங்கில் முதலில் அப்பாவின் வலது கையைத்தான் வைக்கச் சொல்வார்கள். அதில் அப்பாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா கோபக்காரர். மலர் என்பதற்காக அதை மறைக்க நான் தயாரில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டி வந்த டிரைவரைக் கன்னத்தில் அறைந்திருக்கிறார். கோபம் வந்தால் கையில் இருக்கிற ஸ்பானர் பறக்கும். ஏழு வயதில் நான் ஒரு பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்ததற்கு என் முதுகில் விழுந்த அடியின் தடம் இரண்டு நாள் இருந்தது. "காருக்கு வலிக்குமுன்னு புள்ளையப் போட்டு அடிக்கிற மனுசன ஊரு உலகத்துல பார்த்ததுண்டா" என்று அம்மா அழுதார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுப்புதுக் கார்கள் வரத் தொடங்கின. நம்ம கம்பெனியும் அவசர அவசரமாக ஒரு புது மாடல் கொண்டு வந்தது. வெளிநாட்டு இன்ஜின், வழவழப்பான உடம்பு. வாங்கலாமா என்று அப்பாவிடம்தான் எல்லோரும் கேட்டார்கள். அப்பா அவினாசி ரோட்டில் திருப்பூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கண்ண மூடிட்டு எடுங்க" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பிப் பதினோரு பேர் எடுத்தார்கள். பதினோரு வண்டியையும் அப்பாவே எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிக் கொடுத்தார். அதில் இரண்டு, பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருந்த ஒரு முதலாளியுடையவை. ஒன்று வீட்டுக்கு, ஒன்று அவருடைய இளைய மகனுக்கு.

ஆறு மாதத்தில் புலம்பல் ஆரம்பித்தது. மழை பெய்தால் கதவு வழியாகத் தண்ணீர் வருகிறது, கியர் விழவில்லை, கண்ணாடி இறங்கினால் ஏற மறுக்கிறது. ஷோரூமில் யாரும் காது கொடுக்கவில்லை. அப்பாவும் காது கொடுக்கவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். நம்ம கம்பெனியைக் குறை சொன்னவர்களோடு சண்டைக்கே போனார்.

ஒரு நாள் மண்டி முதலாளியின் இளைய மகன் வந்தார். இருபத்துமூன்று வயது இருக்கும். வால்பாறையிலிருந்து இறங்கும்போது பிரேக் மெதுமெதுவென்று உள்ளே போகிறது என்றார். அப்பா வண்டியை எடுத்து ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு சுற்று ஓட்டினார். பிரேக் நன்றாகவே பிடித்தது.

"வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. ஓட்டத் தெரியாம ஓட்டிப்போட்டு வண்டியக் குத்தம் சொல்லாதீங்க."

"இது வண்டியே இல்லீங்க, தகர டப்பா. உங்க கைராசியை நம்பி எங்கப்பா ஏமாந்துட்டாரு."

அப்பா ஓங்கி ஒரு அறை விட்டார். பத்துப் பேர் பார்க்க, அந்த வலது கையால். அந்தத் தம்பி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினைந்து நாள் கழித்து வால்பாறைச் சாலையில், ஆழியாறு பக்கம் இறங்கும் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அந்த வண்டி தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே போனது. வண்டியை வெட்டித்தான் அந்தத் தம்பியின் உடலை எடுத்தார்களாம். அப்பா தகவல் கேட்டதும் பஸ் பிடித்துப் போனார். கயிறு கட்டி மேலே இழுத்துப் போட்டிருந்த வண்டிக்கு அடியில், ரத்தமும் எண்ணெயுமாகக் கிடந்த இடத்தில் படுத்துப் பார்த்தார். முன் சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டு போகும் ரப்பர் குழாயை மெக்கானிக்குகள் ஓஸ் என்பார்கள். அந்த மாடலில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது டயர் ஓஸின் மேல் உரசுகிறது. சமவெளியில் அப்படி ஒடிப்பது அபூர்வம். மலையில் ஒவ்வொரு வளைவிலும் ஒடித்தாக வேண்டும். உரசி உரசி அது அறுந்திருந்தது. அப்பா திருப்பூர் வரை ஓட்டிப் பார்த்தார், ரேஸ்கோர்ஸில் ஓட்டிப் பார்த்தார். மலை ஏற்றிப் பார்க்கவில்லை.

அறுந்த ஓஸை எடுத்துக்கொண்டு நேராக ஷோரூமுக்குப் போனார். மேனேஜர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "ஓட்டத் தெரியாம ஓட்டினா நாங்க என்னங்க பண்றது" என்றார். அப்பா சொன்ன அதே வார்த்தை. அப்பா அவர் சட்டையைப் பிடித்து வாசல் கண்ணாடியில் மோதினார். கண்ணாடி நொறுங்கி மேனேஜரின் நெற்றி கிழிந்தது. போலீஸ் வந்தது. ஒரு பகல் முழுக்க அப்பா ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்.

பையனின் காரியம் முடிந்த மறுநாள் மண்டி முதலாளி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். மதியச் சாப்பாடு கொண்டு போயிருந்த நான் அங்கேதான் நின்றேன். அவர் கையில் ஜாக்கியின் இரும்பு லீவர் இருந்தது.

"எந்தக் கையில எம்பையன அடிச்ச?" என்றார்.

அப்பா வலது கையை நீட்டி வேலை மேசையின் மேல் வைத்தார். நான் கத்தினேன். "அம்மணி, நீ வெளிய போ" என்றார் அப்பா. நான் போகவில்லை. முதல் அடியில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அடிக்கும் அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது அடிக்குப் பிறகு மண்டி முதலாளியே லீவரைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். டாக்டரிடம் அப்பா, ஜாக்கி நழுவி வண்டி விழுந்துவிட்டது என்றார். கேஸ் கொடுக்கலாம் என்று சித்தப்பா குதித்தபோது, "வாயைத் தொறந்தீன்னா கொன்னுபோடுவேன்" என்றார். கடைசிவரை அந்த மனிதரின் பெயரை அப்பா வாயால் யாரும் கேட்டதில்லை.

கட்டுப் பிரித்ததும் அப்பா செய்த முதல் வேலை, மீதிப் பத்து வண்டிகளின் வீட்டு முகவரியை என்னை எழுதச் சொன்னதுதான். ஓஸை டயரிலிருந்து விலக்கிப் பிடிக்க இரும்பில் ஒரு கொக்கி செய்தார். இடது கையால் ரம்பம் பிடித்து, மூன்று தடவை கையை அறுத்துக்கொண்டு செய்தார். பிறகு ஒரு பையில் கொக்கியையும் புது ஓஸையும் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வீடு வீடாகப் போனார். மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு வியாபாரி நாயை அவிழ்த்து விட்டார். தொடையில் கடி வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார் அப்பா. நாய் அங்கே வராதாம். இன்னொரு வீட்டில் செருப்பால் அடித்தார்கள். அடித்து முடிக்கும் வரை நின்றுவிட்டு, "இப்ப வண்டியப் பாக்கட்டுங்களா?" என்றாராம். ஒன்பது வண்டி முடிந்தது.

பத்தாவது மண்டி முதலாளி வீட்டு வண்டி. நான்கு முறை போனார். நான்காவது முறை நானும் கூடப் போனேன்.

"அந்தக் கையால இந்த வண்டியத் தொட்டா, இன்னொரு கையும் போயிரும்" என்றார் மண்டி முதலாளி.

"போனாப் போகுதுங்க. ஓஸ மட்டும் மாத்திப்போட்டுப் போயிர்றனுங்க."

"உன் ராசி புடிச்ச கைதான் எம்பையனத் தின்னுது. வண்டியில ஒரு குத்தமும் இல்ல."

எனக்கு அன்று வந்த ஆத்திரம் இப்போதும் வருகிறது. எலுமிச்சம்பழம் நசுக்கிய கையை நம்பி வண்டி வாங்கினார்கள். வண்டி கொன்றபோதும் கையைத்தான் பழித்தார்கள். கம்பெனி சுகமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு செய்தி வந்தது. மண்டி முதலாளியின் மூத்த மகனுடைய குழந்தைக்கு மொட்டை போட, மலை மேல் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு அந்த வண்டியில் போகிறார்கள். குழந்தைக்கு இரண்டு வயது. அப்பா வியாழக்கிழமை காலையில் சம்மட்டியை ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினார்.

மண்டி வாசலில் அந்த வண்டி கழுவித் துடைத்து நின்றதாம். அப்பா இடது கையில் சம்மட்டியைப் பிடித்து, உடைந்த வலது கையை முட்டுக் கொடுத்து, பானெட்டின் மேல் போட்டார். ரேடியேட்டர் பிளந்து தண்ணீர் பீறிட்டது. பிறகு முன் சக்கரத்தின் அச்சு, பிறகு கண்ணாடி, பிறகு ஸ்டியரிங். தன் கையால் தொட்டுக் கொடுத்த ஸ்டியரிங்கைக் கழன்று விழும்வரை அடித்தார். தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஆட்கள் ஓடி வந்து, மட்டையாலும் காலாலும் அப்பா நினைவிழக்கும் வரை அடித்தார்கள். மூன்று விலா எலும்புகள் முறிந்தன. ஒரு காது அதோடு கேட்காமலே போனது. மண்டி முதலாளி வந்து நிறுத்தவில்லை என்றால் அன்றே அப்பா போயிருப்பார்.

நினைவு திரும்பியதும், சட்டையெல்லாம் ரத்தமாக, பஸ்ஸில்தான் வீடு வந்து சேர்ந்தார். அம்மா கதறிய கதறலில் தெருவே கூடிவிட்டது. அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அந்த வண்டி இனி மலை ஏறாது கண்ணு" என்றார்.

அந்த வண்டியைக் கட்டி இழுத்துப் போன வேறொரு மெக்கானிக் ஓஸைக் கழற்றி மண்டி முதலாளியின் கையில் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்ததாம். மலையில் பத்து வளைவு தாங்கியிருக்காதாம். கம்பெனி அடுத்து வந்த வண்டிகளில் ஓஸின் இடத்தை மாற்றியது. யாருக்கும் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. கொஞ்ச காலத்தில் அந்த மாடலையே நிறுத்திவிட்டது.

அதன் பிறகு அப்பாவை யாரும் புது வண்டி தொட்டுத் தர அழைக்கவில்லை. வலது கையால் சோற்றைப் பிசைய முடியாது. இடது கையால் சாப்பிடுவதை நாலு பேர் பார்க்கக் கூடாது என்று கடைசிவரை எந்தக் கல்யாணப் பந்தியிலும் அவர் உட்காரவில்லை. என் கல்யாணத்திலும் உட்காரவில்லை. உறவினர்களே, அதைத் திமிர் என்று சொன்னீர்கள். இப்போதாவது காரணம் தெரிந்துகொள்ளுங்கள். கடைசி ஆறு மாதம் மூச்சிரைப்பு அதிகமாகிப் படுக்கையில் கிடந்தார். அம்மாதான் ஊட்டிவிட்டார். ஒரு நாள் ஊட்டும்போது, "அந்தப் பையன அறைஞ்சிருக்கக் கூடாது அம்மணி" என்று அம்மாவிடம் சொல்லி அழுதார். தை மாதத்தில் ஒரு காலையில் அமைதியாகப் போய்விட்டார்.

அன்று வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. மண்டி முதலாளி இறங்கினார். கூட ஆறு வயதில் அவருடைய பேத்தி, அன்று மொட்டை போட இருந்த அந்தக் குழந்தை. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். அம்மாதான், "உள்ள வாங்க" என்றார். அவர் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மடங்காத அந்த மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுத்தார். அந்தக் குழந்தை தாத்தாவிடம் கேட்டது.

"அப்பாரு, நம்ம காரை ஒடச்சது இவருங்களா?"

"ஆமா அம்மணி, இவருதான் ஒடச்சாரு. அந்தக் கையத் தொட்டுக் கும்புட்டுக்கோ."

குழந்தை தொட்டுக் கும்பிட்டது.

அப்பாவின் இறுதிக் காலத்தில் உடனிருந்து வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், வியாழக்கிழமை பஸ்ஸில் தன் துண்டைக் கிழித்து அப்பாவின் தலையில் கட்டிவிட்ட, பெயர் தெரியாத கண்டக்டருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அப்பாவின் கையை உடைத்தவரை அம்மா மன்னித்துவிட்டார். என்னால் இன்னும் முடியவில்லை. இருந்தாலும் இந்த மலரின் ஒரு பிரதி பொள்ளாச்சிக்குப் போகிறது. அந்தக் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாளாம். உறையின் மேல் அவள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.