சந்தனப் பொட்டு வைத்த கொம்பியூட்டர்

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, செவ்வரத்தம்பூ சாத்தி, சரஸ்வதி பூசையில் இருத்தியவர் அம்மா. எங்கள் ஊரான நெல்லியடியில் அதற்கு முன் எந்தக் கொம்பியூட்டருக்கும் அப்படியொரு மரியாதை கிடைத்திருக்காது. நெல்லியடியில் அதற்கு முன் கொம்பியூட்டர் என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம்தான்.

அதைக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. கொழும்பில் ஏதோ ஒரு கம்பனிக் கந்தோர் கழித்துவிட்டதை வாங்கி, லொறியில் தலையணைகளுக்கு நடுவே வைத்து, வழிநெடுகக் கட்டிப்பிடித்தபடி வந்து சேர்ந்தார். "பொம்பிளையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாலும் இவ்வளவு பக்குவமாய்க் கூட்டி வந்திருக்கமாட்டாய்" என்றார் அம்மா. முன் அறையில் அதை வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவது மாமாவின் திட்டம். முதல் மாணவி நான்தான் என்று சத்தியம் செய்து தந்திருந்தார். சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அதே கதைதான். எனக்கு மாமா என்றால் உயிர்.

அது மாமாவின் வயதுப் பொடியன்கள் பாண் வாங்கப் போனால் திரும்பி வரும்வரை வீட்டில் யாருக்கும் தண்ணீரும் இறங்காத காலம். பக்கத்து ஒழுங்கையில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்தது யார் என்று கண்டுபிடிப்பதற்கே அவனுடைய தாய் ஊரெல்லாம் அலைந்தாள். அப்பா கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்; மாமாவை ஜெர்மனிக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் ஒருவனையும் பேசி வைத்திருந்தார். அம்மா கெஞ்சாத நாளில்லை. மாமாவோ அசையவில்லை.

"ஜெர்மனியிலை போய்க் கோப்பை கழுவச் சொல்லுறியளோ அக்கா? விஜயதசமிக்கு என்ரை கிளாஸ் தொடங்கும். தொடங்காட்டில், நீங்கள் காட்டுற பிளேனிலை வாய் திறக்காமல் ஏறுறன்."

அம்மா அதோடு கெஞ்சுவதை விட்டுவிட்டார். எனக்கு ஒரே சந்தோசம். மெசின்தான் நன்றாக ஓடுகிறதே, மாமா எங்கே போகப் போகிறார்!

மாமாவுக்கு யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பெட்டியின் மூடியைக் கழற்றி அம்மாவுக்கும் பாடம் எடுத்தார். பாடங்கள் எல்லாம் இந்த ஹார்ட் டிஸ்க்குக்குள்தான் கிடக்கின்றன. இதன் ஓரத்தில் இருக்கும் பொன்னிறப் பல்லுகள் இந்தப் பட்டை வயரோடு முட்ட வேண்டும். "முட்டாட்டில், இப்பிடியொரு டிஸ்க் இருக்கெண்டே மெசினுக்குத் தெரியாது அக்கா." அம்மா தையல்காரி. தன் தையல் மெசினைத் தானே கழற்றிப் பூட்டுகிறவர். குனிந்து, வடிவாகப் பார்த்து, "ஊசி மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

சரஸ்வதி பூசைக்கு வைத்த பொருளை விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் நான் தவறாமல் கடைப்பிடிப்பேன். கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துவிடுவேன். அந்த வருசம் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அம்மாவின் கத்தரிக்கோல், அதற்குப் பக்கத்தில் மாமாவின் கொம்பியூட்டர். மாமா கடைக்குப் போயிருந்த நேரம், அம்மா திருப்புளியால் மூடியைக் கழற்றி உள்ளே துடைத்தார். பூசைக்கு வைக்கிற சாமானுக்குள் தூசி இருக்கலாமா என்றார். பிறகு, நான் கொப்பிக்கு உறை போட்டு ஒட்டும் செலோரேப்பைக் கொண்டுவரச் சொன்னார். பூ விழாமல் ஒட்டத்தான் என்று நினைத்து ஓடிப்போய் எடுத்து வந்தேன். அம்மா கத்தரிக்கோலால் மெல்லிய கீலமாக ஒன்று வெட்டினார். பொட்டும் பூவும் வைத்து முடித்தபோது மெசின் கலியாண மாப்பிள்ளை போல இருந்தது.

விஜயதசமியன்று பிள்ளைகள் தலைக்கு முழுகி, திருநீறு பூசி வந்து பாயில் வரிசையாக இருந்தார்கள். மாமா தேங்காய் உடைத்தார். சுவிச்சைப் போட்டார். மெசின் ஒருமுறை கீச்சிட்டது, திரையில் ஓர் இலக்கம் வந்தது, அவ்வளவுதான். பிள்ளைகள் கடலையும் அவலும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மெசினை எழுப்புகிற டோஸ்தான் பழுதாகிவிட்டது, அதைத் திரும்ப ஏற்றினால் சரி என்றார் மாமா. பிளொப்பியைப் போட்டு ஏற்றப் பார்த்தார். பிளொப்பியில் மெசின் எழும்பியது. ஆனால் டிஸ்க்கில் ஏற்று என்றால், அப்படியொரு டிஸ்க்கே இல்லை என்றது. கண்ணுக்கு முன்னால் கல்லு மாதிரி இருக்கிற டிஸ்க்கை இல்லை என்கிறதே, இது என்ன கொடுமை! மாமா வயரைப் பிடுங்கினார், ஊதினார், திரும்பக் கொழுவினார். சோடாப் போத்தல் அடி போன்ற கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். குளிர்ந்தால் டிஸ்க் இறுகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கழற்றிச் சுளகில் வைத்து முற்றத்து வெயிலில் காயவிட்டார். பக்கத்தில் அம்மாவின் மோர்மிளகாய் காய்ந்தது. காகம் வராமல் நான் இரண்டுக்கும் காவல். வெயில் காய்ந்த பிறகும் அதே இலக்கம்.

அம்மா அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தபடியே இருந்தார். தலையைத் தடவிவிட்டார். "விடு தம்பி, அதின்ரை விதி முடிஞ்சுது" என்று சொல்லும்போது உண்மையாகவே குரல் தழுதழுத்தது. கடைசியில் தொண்டைமானாற்றுக்குப் போய்ச் சந்நிதி முருகனிடம் முறையிட்டோம். மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றோம். அம்மாதான் நெடுநேரம் கும்பிட்டார். எங்கள் டிஸ்க்குக்காக அம்மா எப்படி உருகுகிறார் என்று நினைத்து எனக்கே கண் கலங்கியது.

முருகன் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். போகிற அன்று சைக்கிளை என்னிடம் தந்து, "கால் எட்டினதும் ஓடு குஞ்சு" என்றார். அம்மா வாசல் படலை வரை வந்தார், அழவேயில்லை. கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினேன். பஸ் போன திசையைப் பார்த்து நான்தான் ஊரே கேட்கக் குழறினேன்.

பல மாதம் கழித்துச் சந்திக் கடைக்கு மாமாவின் டெலிபோன் வந்தது. ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாராம். அம்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு "சாப்பிட்டியோ? சாப்பிட்டியோ?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் கைகால் கூடக் கழுவாமல் திருப்புளியை எடுத்தார். கொம்பியூட்டரின் மூடியைக் கழற்றினார், பட்டை வயரை இழுத்தார், பொன்னிறப் பல்லுகளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். வெங்காயத் தோல் போன்ற ஒரு கீலம் அவர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. வயரைக் கொழுவிச் சுவிச்சைப் போட்டார். டிஸ்க் உறுமியது. மாமா விட்டுப்போன பாடங்கள் எல்லாம் பச்சை எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

அப்போதுதான் அம்மா அழுதார். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

எனக்கோ பொல்லாத கோபம்.

"முதலே உதைச் செய்திருந்தால் மாமா போயிருக்கமாட்டாரெல்லே அம்மா!"

"ஓம் பிள்ளை," என்றார் அம்மா. "போயிருக்கமாட்டான்."

இவ்வளவு கெட்டிக்காரியான அம்மா இப்படிப் பிந்திவிட்டாரே என்ற ஆத்திரத்தில், அன்றைக்கு அவர் குழைத்துத் தந்த சோற்றை நான் வாங்கவேயில்லை.