இரண்டாம் பக்கத்துக்கு ஒன்பது மார்க்

டீசல் வாசம்தான் முதலில் வரும். பெட்டியைத் திறந்து கசெட்டை மூக்கருகே பிடித்தால் மூதூருக்கு ஓடும் லோஞ்சுப் படகின் டீசல்... அதற்குப் பிறகுதான் பாட்டு.

நம்முடைய வட்ஸ்அப் குரூப்பில் இப்போது வாரம் ஓர் அல்பம் கேட்கிறோம். உலகத்தின் தலைசிறந்த நூறு என்று யாரோ போட்ட பட்டியல். எல்லோரும் கருத்து எழுதுகிறீர்கள், நான் மட்டும் இந்த வாரம் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் இந்த வாரத்து அல்பத்தைப் பற்றி இளம் வயதில் ஒருமுறை கருத்துச் சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். சொன்னது ரவியிடம். அவனும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறான்... இன்றைக்கு அதை அவிழ்த்துவிட வேண்டும்.

அப்போது நான் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கெழுதும் கிளாக். புது வேலை. ரவி மூதூரில் சங்கக்கடையில். ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், இப்போது நடுவில் கடல்.

கப்பல்காரர் யாரோ ஒபிஸில் விட்டுப்போன இங்கிலீஷ் மகசினில் இதே மாதிரி ஒரு பட்டியல் இருந்தது. இருபது அல்பம். கிழித்து அவனுக்கு அனுப்பினேன். "விடமாட்டம், இருபதையும் கேட்டு முடிப்பம்" என்றான் அடுத்த முறை கண்டபோது. அதில் இரண்டு பேரின் பெயர்தான் எங்களுக்குத் தெரியும்.

கொழும்பில் இருந்த அவனுடைய சொந்தக்காரர் ஒருவர் ரெக்கோடிங் பார் என்கிற பாட்டுக்கடையில் பதிந்து அனுப்புவார். ரவியிடம் டபுள் டெக் இருந்தது. தான் கேட்டுவிட்டு எனக்கொரு கொப்பி எடுத்து லோஞ்சில் கொடுத்துவிடுவான். லோஞ்சில் டிக்கெட் கிழிக்கிற முஸ்லிம் அண்ணர், எங்களுக்கு நானா, ஒபிஸ் வாசலுக்கு வந்து, "தம்பி, ஒங்கட பாட்டு வந்திரிக்கி" என்பார்.

கசெட் எனக்கு. உள்ளேயிருக்கும் அட்டையில் பத்துக்கு எத்தனை, ஒரு வரிக் கருத்து... அதை எழுதி அட்டையை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டும். கடிதம் வைப்பதில்லை. லோஞ்ச் வந்து கட்டும் ஜெட்டியில் ஆமிக்காரர் பையைக் கொட்டிச் செக் பண்ணுவார்கள், கடிதம் அகப்பட்டால் விரித்து வைத்துக் கேள்வி கேட்பார்கள். பாட்டுக் கசெட்டை ஒருவரும் போட்டுப் பார்த்ததில்லை.

ரவி கறார் பேர்வழி. உலகமே தலையில் வைத்து ஆடிய ஒன்றைப் பற்றி, "மூண்டு மார்க். நித்திரை வந்திட்டுது" என்று நானாவிடம் சொல்லிவிட்டான். நான் அப்படியில்லை. மகசின்காரன் புகழ்ந்திருக்கிறான், எனக்கு விளங்காவிட்டால் பிழை என்னில்தான் என்று எல்லாவற்றுக்கும் எட்டு, ஒன்பது என்று அள்ளிப்போட்டேன்.

பதினாலாவதாக வந்தது இந்த வாரத்து அல்பம்தான். பாடுவதற்கு ஆளே இல்லை. ஒரு ட்ரம்பெட் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. முதல் பக்கத்தையே பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். அன்றைக்குக் கிரிக்கெட் வேறு. கசெட்டைத் திருப்பிப் போடவேயில்லை.

அட்டையில் எழுதினேன்: "ஒன்பது. இரண்டாம் பக்கம்தான் உயிர்."

அந்தக் கெட்டித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கும்.

அடுத்த கிழமை நானா வந்தார். கையில் கசெட் இல்லை.

"அவரு வியாழக்கிழம வந்தாரே... ஜெட்டியடியில ஒரு மணித்தியாலத்துக்கு மேல நிண்டாரு. நீங்க வரல்லியா?"

"எனக்குத் தெரியாதே நானா. எங்க போனவன்?"

"கொழும்பு பஸ்ஸுல ஏறினாரு. பெரிய பேக் ஒண்டு. வெளிநாட்டுப் பயணம் போல."

எனக்கு வந்ததே கோபம். ஒபிஸிலிருந்து ஜெட்டிக்கு ஐந்து நிமிட நடை. எட்டிப் பார்த்து ஒரு சொல் சொல்லிவிட்டுப் போக முடியாதவன் என்ன நண்பன் என்று, கசெட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு மூடினேன். கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அங்கிருந்து அவன் எழுதவில்லை. நானும் முகவரி தேடவில்லை.

வருசங்கள் போய், பாலையூற்றில் வீடு கட்டிக் குடிபோனபோதுதான் அந்த ரின்னைத் திறந்தேன். எது பூஞ்சணம் பிடித்தது, எது பாடும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பதினாலாவதின் இரண்டாம் பக்கம். ட்ரம்பெட் பாதியில் நின்றது. ஒரு டக்... பிறகு ரவியின் குரல்.

"மச்சான், வாற வியாழன் நான் போறன். வீட்டாக்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. எழுதப் பயமாக் கிடக்கு, அதுதான் இதில சொல்லுறன். பத்து மணிக்கு ஜெட்டியடிக்கு வா. ஒபிசுக்கு வந்தால் நாலு பேர் கேப்பாங்கள். உன்னைப் பாக்காமல் போக ஏலாதடா."

கசெட்டைப் பின்னால் ஓட்டித் திரும்பவும் கேட்டேன். இரண்டாம் பக்கம்தான் உயிர் என்று நான் எழுதிய அட்டை, அவன் புறப்படுவதற்கு முன்பே அவன் கைக்குப் போயிருக்கிறது. நான் கேட்டுவிட்டேன், வருவேன் என்று நம்பித்தான் நின்றிருக்கிறான்.

சொல்லியிருக்கலாம். பிறகு நம்பர் கிடைத்தது, குரூப்பும் வந்தது. பிறந்தநாளுக்கு வாழ்த்துப் போட்டுக்கொள்கிறோம். ஆனால் வெட்கம். பிந்தப் பிந்த இன்னும் வெட்கம்.

இப்போது அல்பம் முழுதாக போனில் வருகிறது. திருப்பிப் போட ஒன்றுமில்லை, அது பாட்டுக்கு ஓடி முடிகிறது. சத்தம் அவ்வளவு துப்புரவு... நடுவில் யாருடைய குரலும் வரப்போவதில்லை. இந்த முறை கடைசிவரை கேட்டேன். நல்ல அல்பம்தான்.

நேற்று ரவி குரூப்பில் எனக்கு எழுதியிருந்தான்: "உங்களுக்கு இது அப்பவே பிடிச்சதுதானே. இன்னும் கேக்கிறனீங்களோ?"

அவ்வளவுதான். பள்ளிக்கூடத்திலிருந்தே டா போட்டுக் கதைத்தவன், நீங்கள் என்கிறான்.

ரவி, நான் அந்தப் பக்கத்தைக் கேக்கேல்லையடா. கேட்டிருந்தால் ஒபிசைத் திறந்தபடி போட்டிட்டு ஓடி வந்திருப்பன். ஏசிறதெண்டாலும் ஏசு... நீ எண்டு சொல்லி ஏசு.