எதிர்க்கடைக்குப் போன டீச்சர் வண்டி

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. என் மனைவி சொல்லித்தான் அது எனக்கே தெரிந்தது. ஒத்துக்கொள்ள ஐம்பது வயதாகிவிட்டது. அடுத்தவன் மாடி வீடு கட்டட்டும், அவன் பிள்ளை போலீஸ் வேலைக்குத் தேறட்டும், எனக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் கார் ஏசி வேலையில் இன்னொருவன் பெயர் வாங்கிவிட்டான் என்று காதில் விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் என் கடை. வருவதெல்லாம் பழைய வண்டிகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நேர் எதிரே, ஒருவன் ஏசி கடை திறந்தான். முப்பது வயதிருக்கும். செங்கோட்டைக்காரன், ஷார்ஜாவில் ஏழு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவன். தரைக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தான். மெக்கானிக் கடைக்கு டைல்ஸ்! பழைய கேஸை உறிஞ்சி எடை போட்டு, திரும்ப அளந்து நிரப்புகிற மெஷின் வைத்திருந்தான். கேஸ் கசிகிற இடத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் கீச் கீச்சென்று கத்துகிற கருவி ஒன்றும் இருந்தது. என்னிடம் இருந்தது பிரஷர் பார்க்கும் கேஜ், ஒரு வாக்குவம் பம்ப், ஒரு மக் சோப்புத் தண்ணீர், பழைய ஷேவிங் பிரஷ். அந்தக் கருவி கத்தும்போதெல்லாம் என் வயிறு எரியும்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஆனி மாதம் சாரல் விழ ஆரம்பித்ததும் எல்லோரும் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிவிடுவார்கள். மூன்று மாதம் அந்தப் பட்டனைத் தொடமாட்டார்கள். சீசன் முடிந்து, வெயில் வந்து, பட்டனை அமுக்கினால் வெறும் காற்றுதான் வரும். "சீசன்ல கேஸ் போயிட்டு" என்று வந்து நிற்பார்கள். நானும் நிரப்பி அனுப்புவேன். ஏன் போகிறது என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. "சாரல்ல எதுக்கு ஏசி, கண்ணாடிய எறக்கிட்டுப் போங்க" என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்படி வருஷம் தவறாமல் வருகிறவர்களில் ஒருவர் இலஞ்சியில் இருக்கும் ஒரு டீச்சர். ரிட்டயர்ட் ஆகிவிட்டார். அவர் காருக்கு இருபது வயது. நான் கடை போட்ட புதிதில் யாரும் எட்டிப்பார்க்காத நாளில், முதல் ஆளாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர்தான். ஊரில் பாதிப் பேரை என்னிடம் அனுப்பியவரும் அவர்தான். வரும்போது ஒரு பை மங்குஸ்தான் கொண்டுவருவார். என்னைத் தம்பி என்று கூப்பிடுவார். மற்ற மெக்கானிக்குகளை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் வருகிற அன்று நான் காலையிலேயே கடையைக் கூட்டி, ஒரே ஒரு நல்ல நாற்காலியைத் துடைத்து வைப்பேன்.

டீச்சருக்கு அந்த ஏசி வெறும் சொகுசு இல்லை. அவர் கணவருக்கு மூச்சிரைப்பு. மாதம் ஒருமுறை திருநெல்வேலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். சாரல் முடிந்துவிட்டால், பாவூர்சத்திரம் தாண்டி ஆலங்குளம் வரைக்கும் ரோட்டில் புழுதி. கண்ணாடியை ஏற்றித்தான் போக வேண்டும். ஏற்றினால் ஏசி இல்லாமல் உள்ளே உட்கார முடியாது.

போன ஆவணிக் கடைசியில் ஒரு நாள் டீச்சர் வண்டி வந்தது. என் கடை வாசலில் வேகத்தைக் குறைத்தது. நான் நாற்காலியைத் துடைக்கக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வண்டி வலது பக்கம் திரும்பி, டைல்ஸ் மேல் ஏறி நிற்கிறது.

டீச்சர் இறங்கி என்னைப் பார்த்துக் கையசைத்தார். ஒளிவுமறைவு இல்லாதவர். "தம்பி, வருஷா வருஷம் நெரப்புறமே, எங்கதான் போகுதுன்னு இந்தத் தம்பி கண்டுபிடிச்சுத் தாரேன்னு சொல்லுதான்" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னார். இந்தத் தம்பி! பிறகு காருக்குள் கைவிட்டு மங்குஸ்தான் பையை எடுத்து அவன் மேசையில் வைத்தார். அன்று மத்தியானம் என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். "அங்கனயே என்னத்த பாத்துக்கிட்டு இருக்கிய? சோத்தப் பாத்துத் தின்னுங்க" என்றாள். எனக்குக் கண் அந்தப் பையிலேயே இருந்தது.

அவன் கேஸ் நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டு, கருவியை வைத்து ஒவ்வொரு இடமாகத் தேடினான். பைப், மூட்டு, முன்னால் இருக்கும் கண்டன்சர் என்று எங்கே வைத்தாலும் கருவி கத்தவில்லை. மறுநாளும் தேடினான். கத்தவில்லை. எனக்கு அவ்வளவு குளிர்ச்சி. சாயங்காலம் இரண்டு கிளாஸ் டீயோடு ரோட்டைக் கடந்து என்னிடமே வந்துவிட்டான்.

"அண்ணாச்சி, டீச்சர் வண்டி ஒங்க கைக்குள்ள இருந்த வண்டி. எங்கன கசியுதுன்னு ஒங்களுக்குத் தெரியாம இருக்காது. சொல்லுங்களேன்" என்றான்.

எனக்குத் தெரியும். அதுதான் விஷயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெல்ட் மாற்றும்போது கம்ப்ரசரின் மூக்கில், பெல்ட் சுற்றுகிற முனையில், எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கேஸ் வெளியே போகாமல் அடைக்கிற ரப்பர் சீல் ஒன்று அங்கே உண்டு. கம்ப்ரசர் ஓடினால் உள்ளே இருக்கும் ஆயில் அதை நனைத்துக்கொண்டே இருக்கும். மூன்று மாதம் சும்மா கிடந்தால் காய்ந்து, கேஸை விட்டுவிடும். திரும்ப ஓடவிட்டால் நனைந்து கொஞ்சம் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் இன்ஜின் ஓடும்போது அவன் கருவி கத்தவில்லை. ஷார்ஜாவில் வருஷம் முழுக்க ஏசி ஓடும், அங்கே சீல் எங்கே காயும்? சாரலுக்கு ஏசியை அணைக்கிற ஊரில் வேலை பார்த்தவனுக்குத்தான் இது தெரியும். அன்றைக்கே நான் சீலை மாற்றியிருக்கலாம். மாற்றினால் டீச்சர் அடுத்த வருஷம் வரமாட்டாரே என்று விட்டுவிட்டேன்.

டீயை வாங்கிக் குடித்தேன். அப்படியே அவன் முகத்தைப் பார்த்து, "கூலிங் காயில்தான். வேற எங்கனயும் இருக்காது" என்றேன்.

கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்கு உள்ளே. அதை எடுக்க முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். இருபது வருஷப் பிளாஸ்டிக், தொட்டாலே உடையும். அவன் சந்தேகப்படவில்லை. "சரி அண்ணாச்சி" என்று போனான். இரண்டு நாள் அந்தக் காரின் டேஷ்போர்டு டைல்ஸ் மேல் கிடந்தது. புதுக் காயில் போட்டு, கேஸ் நிரப்பி, எல்லாவற்றையும் மாட்டி அனுப்பினான். நான் கடை வாசலில் நின்று அத்தனையையும் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது, ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து டீச்சர் என் கடைக்கு வந்தார். பை இல்லை, முகமும் சரியில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"நேத்து திருநெல்வேலிக்குப் போயிட்டுத் திரும்பி வாரோம் தம்பி. ஆலங்குளத்துல ஏசி நின்னு போச்சு. வேற வழியில்லாம கண்ணாடிய எறக்கினேன். அந்தப் புழுதியில அவுகளுக்கு மூச்சு வாங்கி, ஒதடெல்லாம் நீலம் பாரிச்சுட்டு. ரோட்டோரமா நிறுத்தி, மருந்த உறிஞ்ச வச்சு, அரை மணி நேரம் கழிச்சுத்தான் பேச்சே வந்துச்சு. நான் பயந்தே போயிட்டேன்."

நான் கேட்டது எதிர்க்கடைக்காரனின் மானத்தை மட்டும்தான். அந்த மனிதரின் மூச்சை நான் கேட்கவில்லை. ஆனால் கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒரே பொய்யிலிருந்து வந்தவைதான்.

பானெட்டைத் திறந்தேன். விடிந்ததிலிருந்து ஓடாத வண்டி மாதிரி இன்ஜின் ஆறிக் கிடந்தது. இலஞ்சியிலிருந்து தள்ளிக்கொண்டா வந்தார் என்று பார்த்தால், காலையிலேயே கொண்டுவந்து நிழலில் போட்டுவிட்டு நான் கடை திறக்கும்வரை காத்திருந்திருக்கிறார். பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரைத் தொட்டுக் கம்ப்ரசர் மூக்கில் தடவினேன். வண்டி நின்று கிடந்ததால், மிச்சமிருந்த கேஸில் சின்னச் சின்னதாக நுரை கிளம்பியது. வருஷா வருஷம் காய்ந்து தேய்ந்த சீல், இந்தத் தடவை மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. டீச்சர் எட்டிப்பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். மறுநாள் திருநெல்வேலி பஸ்ஸில் புதுச் சீல் வந்தது. மத்தியானத்துக்குள் போட்டுக் கேஸ் நிரப்பிவிட்டேன்.

வண்டி எடுக்க வந்தபோது டீச்சர் சொன்னார்: "நான் மொதல்லயே ஒங்கிட்ட வந்திருக்கணும் தம்பி."

இந்த வார்த்தைக்காகத்தான் ஒரு மாதமாக நான் வாசலில் நின்றேன். கேட்டதும் ஒன்றுமே தோன்றவில்லை.

"அந்தத் தம்பிகிட்ட சத்தம் போட்டுட்டேன். யாரு சொல்லி டேஷ்போர்டப் பிரிச்சன்னு கேட்டேன். 'எனக்கா தோணுச்சு டீச்சர், என் தப்புதான். எதிர்த்தாப்ல அண்ணாச்சிகிட்ட காட்டுங்க, இந்த ஊரு வண்டி அவியளுக்குத்தான் தெரியும்'னு சொல்லிட்டான்" என்றார்.

எதிரே பார்த்தேன். அவன் ஏதோ ஒரு வண்டிக்குள் தலையை விட்டு வேலையாக இருந்தான். நான் பொய் சொன்னேன் என்று அவனுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டீச்சர் ஆயுசுக்கும் என் வாசலை மிதித்திருக்கமாட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இனிமே சாரலானாலும் வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஏசியப் போடுங்க டீச்சர்" என்பதுதான் வந்தது.

"நீதானப்பா போட வேண்டாம்னு சொன்ன?" என்று சிரித்துவிட்டு அவர் வண்டியை எடுத்தார். வண்டி நகர்ந்ததும் டேஷ்போர்டு கடகடவென்று ஆடியது. பிரித்து மாட்டினால் அப்படித்தான், இனி அது நிற்காது. "அந்தத் தம்பி பண்ணின வேல" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவன் மெஷின் மேல் இருந்த பொறாமை இப்போது இல்லை. கடன் வாங்கியாவது நானும் ஒன்று வாங்கிவிடலாம். என் பெயரைச் சொல்லாமல் விட்டானே, அதை நான் எங்கே போய் வாங்க? டீச்சர் மாதம் ஒருமுறை இந்த வழியாகத்தான் போகிறார். அந்தக் கடகடச் சத்தம் கேட்டதும் அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையசைப்பான், டீ வேண்டுமா என்று கையால் கேட்பான். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடைக்கு உள்ளே போய்விடுவேன்.