அப்பளத் தெருவில் ஹெப்ரான் மாட்டிய பேனல்கள்

பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறையில் ஹெப்ரான் சோலார் கடை வைத்திருந்தார். 2024 ஏப்ரலில் கடைப் பலகை மாட்டினார். அடுத்த ஆண்டு அக்டோபர் கடைசியில் கழற்றினார். அப்பளக்காரிகளை ஏமாற்றிவிட்டுக் கடையை மூடினார் என்று ஆலய வாசலில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் எழுதி வைக்கிறேன்.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வண்ணார்பேட்டையில் ஓர் இன்வெர்ட்டர் கடையில் நெடுங்காலம் வேலை பார்த்தார். பேட்டரி அமிலம் பட்டு அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் பொடிப்பொடியாக ஓட்டைகள் இருக்கும். வீடுகளில் சோலார் வைத்தால் அரசு மானியம் தரும் என்ற அறிவிப்பு வந்ததும், சொந்தமாகச் செய்து பார்ப்போம் என்று அந்த வேலையை விட்டார்.

மானியம் கடைக்காரருக்கு வராது. வீட்டுக்காரர் விண்ணப்பிக்க வேண்டும். பேனல் மாட்டிய பிறகு மின்வாரியம் புது மீட்டர் வைக்கும். வீட்டுக்காரர் பேனல் பக்கத்தில் நிற்கும் படத்தை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதைச் சரிபார்த்த பின் பணம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போகும். அதுவரை பொறுக்க ஹெப்ரான் ஒப்புக்கொண்டார். "கையில உள்ளதக் குடுங்க, மானியம் வந்த பொறவு மீதியத் தாங்க" என்பதுதான் அவருடைய வியாபாரம். பேனல்களை மதுரை மொத்த வியாபாரியிடம் கடனாக எடுத்தார்.

பேனல் மாட்ட ஒரு நாள் போதும். மீட்டருக்குத்தான் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இருப்பு இல்லை என்பார்கள். இருப்பு வந்தால் இணையதளம் திறக்காது. முன்னறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியளா அண்ணாச்சி, 'பிறகு முயற்சிக்கவும்'னு வருது. பொறவு முயற்சிக்கதுக்குன்னே எங்கம்மா என்னயப் பெத்துருக்கா போல."

அப்போதெல்லாம் சிரிப்பார்.

2025 பொங்கல் கழிந்து கல்லிடைக்குறிச்சியில் பத்து வீடு உள்ள ஒரு தெரு முழுவதும் அவருக்கு வேலை கிடைத்தது. அதைக் கொண்டுவந்தவர் ஆறுமுகத்தாய். கம்பெனியிலிருந்து மாவு வாங்கிவந்து வீட்டில் அப்பளம் உருட்டிக் கொடுப்பவர். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதே வேலைதான். அவர் வீட்டு மொட்டைமாடியில் பேனல் மாட்டிய நாளில், அப்பளம் வாங்கலாம் என்று நானும் உடன் போயிருந்தேன்.

"ஸ்டாண்ட இன்னும் ஒசத்தி வைங்க தம்பி" என்றார் ஆறுமுகத்தாய்.

"எதுக்குக்கா? காத்துக்கு ஆடும்."

"கீழ நான் உக்காரணும்லா. அப்பளத்த உச்சி வெயில்ல போட்டா வெடிச்சிரும். வெயிலுப் படாம வெக்கையில காயணும். கரண்ட் வருதோ வரலியோ, இந்த நெழலுக்குத்தான் நான் சரின்னதே."

"அப்பம் நான் சோலார் விக்கல, பந்தல் போடுதேன்."

"பந்தல்காரன் இவ்வளவு கேக்க மாட்டான்" என்றார் அவர். பக்கத்து மாடிப் பெண்கள் சிரித்தார்கள்.

ஹெப்ரான் கூடுதலாக இரும்புக் குழாய் வாங்கி ஸ்டாண்டை உயர்த்தினார். படம் எடுக்கும்போது ஆறுமுகத்தாய் துணியோடு அப்பளத்தைச் சுருட்டப் போனார். "கெடக்கட்டும்க்கா, நல்லாத்தான் இருக்கு" என்று ஹெப்ரான் தடுத்துவிட்டார். பேனலுக்குக் கீழே வட்டவட்டமாக அப்பளம், நடுவில் ஆறுமுகத்தாய். படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மற்ற ஒன்பது வீட்டுக்காரர்களும் அதே மாதிரி அப்பளத்தோடு நின்றார்கள்.

அந்தப் பத்து வீட்டு மானியம் வந்தால் மதுரைக் கடன் அடைந்துவிடும், கடை நிற்கும், வராவிட்டால் மூட வேண்டியதுதான் என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

மீட்டர் ஜூனில் வந்தது. ஆகஸ்டில் பத்து விண்ணப்பங்களும் ஒரே நாளில் நிராகரிக்கப்பட்டன. மின்வாரிய அலுவலகத்துக்கு நானும் துணைக்குப் போனேன். அதிகாரி கெட்டவர் அல்ல. எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இது என்னதுவே?"

"அப்பளம் சார்."

"அது தெரியுது. கல்யாண வீட்டு எலையில கெடந்தா நானும் தின்னுருப்பேன். மச்சு பூரா ஏன் கெடக்கு?"

"கம்பெனிக்கு உருட்டிக் குடுக்காவ சார்."

"அப்பம் தொழிலு. திட்டம் வீட்டுக்குத்தான்."

"அது வீடுதான் சார். அந்தத் தெருவுல மச்சுங்கது அடுப்படி மாதிரி."

"எனக்குத் தெரியும்வே. எங்க வீட்டுக்கும் அங்கன இருந்துதான் அப்பளம் வருது. மேல இருந்து பாக்குதவனுக்கு அது தெரியுமா?"

"அப்பளம் இல்லாம வேற போட்டோ எடுத்துட்டு வாறேன் சார்."

"பாத்தாச்சுலா. பாத்ததப் பாக்கலன்னு நான் எழுத முடியாது."

மேல்முறையீடு செய்தோம். மனுவை நான்தான் எழுதினேன். பதில் இல்லை. ஹெப்ரான் பேசுவது குறைந்தது. யாராவது விசாரித்தால் "பாப்போம்" என்பார். பிறகு அதையும் சொல்வதில்லை. பேனலைக் கழற்றித் திருப்பிக் கொடு, இல்லையென்றால் வழக்குப் போடுவேன் என்று மதுரைக்காரர் சொல்லிவிட்டார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஹெப்ரான் பேனல்களைக் கழற்றினார். கையில் இருந்ததைக் கொண்டு பெண்கள் முதலில் கொடுத்த தொகையைத் திருப்பிக் கொடுத்தார். நான் கேட்டு உறுதிசெய்துகொண்டது இது. பத்து வீட்டாரும் வாங்கியிருக்கிறார்கள். ஆறுமுகத்தாய் வீட்டில் கடைசிப் பேனல் இறங்கும்போது அவர் சொன்னாராம்:

"நான் அன்னைக்கே அள்ளியிருக்கணும். நீங்கதான் கெடக்கட்டும்னிய."

"ஆமாக்கா. நான்தான் சொன்னேன்."

"அந்தக் கம்பியவாவது விட்டுட்டுப் போங்களேன்."

ஸ்டாண்டை விட்டுவிட்டு வந்தார். ஆறுமுகத்தாய் அதன்மேல் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு கீழே அப்பளம் போடுகிறார். போன வாரம் நானே பார்த்தேன். மற்ற மாடிகளிலும் அப்படித்தான்.

கடைப் பலகையைக் கழற்றிய அன்று ஹெப்ரான் சுவரில் இருந்த ஆணித் துளைகளைச் சிமென்ட் வைத்து அடைத்தார். வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை. அடைத்து முடித்து, கையைக் கழுவி, சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது கயத்தாறு பக்கம் ஒரு பெரிய சோலார் வயலில் பேனல் கழுவும் வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, வேலை எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"மத்தியானம் பேனலுக்குக் கீழதான் சோறு திங்கோம் அண்ணாச்சி. அந்தக்கா சொன்னது சரிதான். நெழலு நல்லாருக்கு."