இடப்பக்கச் சக்கரம்

மீரான் பாய் இறந்த செய்தி வந்தபோது ஜீப்பின் இடப்பக்கச் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து நட்டையும் கையால் திருகிவிட்டேன்; இன்னும் ஸ்பானர் போடவில்லை. போன் அடித்தது. அவர் மகள் நசீமா.

"அத்தை, அத்தா மவுத்தாயிட்டாக. சாயந்தரம் அசர் தொழுகைக்குப் பொறவு எடுக்குறோம்."

"சரிம்மா" என்றேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கிரீஸ் போகவில்லை. மறுபடியும் கழுவினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய ஜீப் வைத்திருந்த எல்லோருக்கும் அவர் பட்டாளத்து மெக்கானிக். எனக்குத் தம்பி முறை. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததும், என்ஜினீயருக்குப் படிக்கும் என் பேரன், "நான் பிழையில்லாம எழுதித் தாரேன் ஆச்சி" என்றான். தங்கமான பிள்ளை. ஆனாலும் அஞ்சாவது படித்த கை எழுதினால் போதும் என்று நானே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் தவறிப்போனார். மலையடிவாரத்து மாந்தோப்பும், பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பும் மிஞ்சின. ஓட்ட அவர் பழக்கியிருந்தார், கழற்றப் பழக்கவில்லை. "மதினி, பேரீச்சம்பழத்துக்குப் போட்ருங்க" என்றார் கொழுந்தனார். அந்த ரோஷத்தில்தான் ஒரு நாள் பஞ்சரான இடப்பக்கச் சக்கரத்தை நானே கழற்றப் போனேன். நட்டு அசையவில்லை. ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதித்தேன். போல்ட் ஒடிந்தது.

ஆள் விட்டு அழைத்ததும் பாய் வந்து பார்த்தார். "அக்கா, நல்லா இறுக்கியிருக்கீய. ஒடையிற அளவுக்கு இறுக்கியிருக்கீய" என்றார். இந்த ஜீப்பில் இடப்பக்கத்து நட்டுகளின் மரை மட்டும் எதிர்மாறு என்று அப்போதுதான் தெரிந்தது.

"இத எப்படிப் பாய் ஞாபகம் வச்சுக்கிடுறது?"

"பெருமாள் கோயில எப்படிச் சுத்துவீய?"

"வலமா."

"இடப்பக்கச் சக்கரத்த அப்படிச் சுத்துனாக் கழலும். வலப்பக்கம் எங்க சுத்து. மக்காவுல காபாவ நாங்க இடமாத்தான் சுத்துவோம். இறுக்கும்போது ரெண்டையும் மாத்திக்கங்க, அம்புட்டுதான்."

அதன் பிறகு எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் அந்த ஜீப் போனதில்லை. ரேடியேட்டர் ஹோஸ் ஒழுகினால் சைக்கிள் டியூப்பைக் கிழித்து நானே சுற்றிக் கட்டிவிடுவேன். பாய் வந்து காது கொடுத்துக் கேட்பார். "வண்டி பேசும்க்கா. நாமதான் குறுக்கப் பேசக் கூடாது" என்பார். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "ஒரு தடவ ஹஜ்ஜுக்குப் போயிறணும்" என்பார். "மொதல்ல ஜீப்புக்கு அடியில இருந்து வாங்க" என்பேன்.

நசீமாவுக்குப் பிரசவ வலி கண்டது ஐப்பசி மழையில். வன்னியம்பட்டிப் பக்கம் ஓடையில் வெள்ளம். எந்த டாக்சியும் வரவில்லை. அப்பாவையும் மகளையும் என் ஜீப்பில் ஏற்றி, ஃபோர் வீல் கியர் போட்டு ஓடையைத் தாண்டினேன். ராஜபாளையம் ரோட்டில் ஏறியதும் இடப்பக்கத்து முன்சக்கரம் பஞ்சர். பின்னால் நசீமா அலறினாள். பாய் குதித்து இறங்கி ஸ்பானரைப் போட்டார். நரம்பு புடைக்க இழுத்தார். அசையவில்லை. குழாயைச் சொருகி ஏறி மிதிக்கப் போனார்.

அப்போதுதான் பார்த்தேன்.

"நிறுத்துங்க பாய்! அது உங்க சுத்து. இதுக்குக் கோயில் சுத்து!"

அவர் கையை எடுத்துவிட்டார். "நீங்க பாருங்கக்கா" என்று சொல்லி, மகளிடம் போய் உட்கார்ந்துகொண்டார். நான் வலமாகச் சுற்றினேன். ஐந்தும் கழன்றன. ஸ்டெப்னியை மாட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். "இன்னும் செத்த நேரம் போயிருந்தா ரெண்டு உயிரும் இல்ல" என்றார்கள். பெண் குழந்தை.

"பட்டாளத்துல இதே வேலதான்க்கா பாத்தேன்" என்றார் பாய், ஆஸ்பத்திரி வாசலில். "எம்மக கத்துனதும் கை அதுபாட்டுக்குப் போயிருச்சு."

இன்று பாயை எடுத்துப் போகும்போது, அன்று பிறந்தவள் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள். பெண்களெல்லாம் அழுதார்கள். எனக்கு வரவில்லை. என் நகக்கண்ணில் இருந்த கிரீஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். சக்கரம் விட்ட இடத்திலேயே நின்றது. ஸ்பானரை எடுத்தேன். இடப்பக்கம், கழற்றுவதற்கு என் சுற்று, இறுக்குவதற்கு அவர் சுற்று. ஐந்து நட்டையும் இடமாகச் சுற்றி இறுக்கினேன். மீரான் பாய் ஹஜ்ஜுக்குப் போகவில்லை. அவருடைய அந்தச் சுற்று என் கையில் இருக்கிறது.