தலைவர்கள் கேள்வி கேட்பதில்லை

தேசத் தலைவர்களுக்குப் பொதுவான குணங்கள் என்று ஒரு வாரப் பத்திரிகையில் பட்டியல் போட்டிருந்தேன். கையசைக்கும்போது யாரையும் பார்க்க மாட்டார்கள். எந்த ஊர்த் தலைப்பாகையும் அவர்கள் தலைக்குச் சரியாக இருக்கும். வாக்குக் கொடுத்த ஊருக்கு மறுபடி வழி தெரியாது. படித்துச் சிரித்ததாகச் சொன்னவர்கள் இரண்டு பேர். அதில் என் மனைவி சிரித்தது கட்டுரையோடு வந்திருந்த என் போட்டோவுக்கு.

மாரமங்கலத்தில் காப்பியும் மிளகும் வைத்திருந்த என் நண்பர் சிரிக்கவில்லை. "எங்க தலைவரு அப்படிப்பட்டவரில்லீங்க" என்றார்.

அவருடைய வாலிபத்தில் அந்தத் தலைவர் ஏற்காட்டுக்கு வந்திருக்கிறார். இவர் ஒரு கூடை ஆரஞ்சு கொடுத்திருக்கிறார். தலைவர் தோளைத் தொட்டு இந்தியில் ஏதோ சொல்ல, மொழிபெயர்க்க வந்தவர், "உங்களை மறக்கவே மாட்டாராம்" என்றாராம். தலைவர் உண்மையில் பழம் புளிக்குமா என்று கேட்டிருக்கவும் கூடும். அன்றிலிருந்து வருஷா வருஷம் காப்பிப் பழம் பறித்து முடித்ததும் தலைவருக்கு ஒரு கடிதம் போடுவார். பதவியெல்லாம் போய்த் தலைநகரில் ஓய்ந்திருந்த காலத்திலும் தலைவர் பதில் போட்டதில்லை. "அத்தனை தூரத்துல இருந்து வரோணுமில்லீங்க?" என்பார் நண்பர்.

போன வருஷம் அவருக்கு ஈரலில் கட்டி. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சேலத்தில் சொல்லிவிட்டார்கள். வாரம் ஒருமுறை போவேன். பஸ்ஸை விட்டு இறங்கி அவர் வீட்டு மேட்டை ஏறியதும், சாகக் கிடக்கிறவரிடம் என் முட்டி வலியைப் பற்றிப் புலம்புவேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, தபால் ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்பார்.

அதனால் நான் தலைவரானேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி. தமிழில் பெயர்த்து டைப் செய்தது போல விறைப்பாக ஒரு கடிதம் தயாரித்து, டெல்லியில் இருக்கும் மருமகனுக்கு அனுப்பி, அங்கிருந்து தபாலில் போடச் சொன்னேன். ஆரஞ்சு, தோள், நாட்டின் முதுகெலும்பான விவசாயி எல்லாம் அதில் இருந்தன. கடைசியில் கை சும்மா இருக்காமல், 'இந்த ஆண்டு மிளகுக்கு மழை போதுமானதாக இருந்ததா?' என்றும் சேர்த்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது கடிதம் அவர் தலையணைக்கு அடியில் இருந்தது.

"படிச்சீங்களா?"

"நாலு தடவைங்க. நொம்ப நல்ல மனசுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆனா தலைவருங்க கேள்வி கேக்க மாட்டாங்களே. இதை உங்க பட்டியல்ல உட்டுட்டீங்க."

ஒட்டிய உறை ஒன்றை நீட்டினார். மேலே எதுவும் எழுதியிருக்கவில்லை.

"பதிலுங்க. போட்டுருங்க."

"விலாசம்?"

"உங்களுக்குத் தெரியுமுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பிரிக்கத் தைரியம் வரவில்லை. அவரை எரித்துவிட்டுத் திரும்பிய பஸ்ஸில்தான் பிரித்தேன். கோணல் எழுத்தில் இரண்டே வரி.

'மழை பத்தலீங்க, மிளகு பாதி உதுந்துருச்சு. உங்க முட்டி வலி இப்ப எப்பிடி இருக்குதுங்க?'

டெல்லியில் யாருக்கும் என் முட்டியைத் தெரியாது.

மூன்று மாதமாகிறது. அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. தலைவர்களின் குணங்களில் இந்த ஒன்றாவது எனக்கு வந்துவிட்டது.